செய்தி வந்தது, சத்தம் வரவில்லை

ஒலி சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர் வேலையில் தப்பு செய்தால் ஒன்று ஊருக்கே கேட்கும், இல்லாவிட்டால் யாருக்கும் எதுவுமே கேட்காது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரி வரியாக எழுதுவதற்குப் பதில், திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, கோடு இழுத்து இணைப்போம். ஒரு பெட்டி ஒலியை எடுத்துக் கொடுக்கும், ஒன்று கூட்டிக் குறைக்கும், கடைசிப் பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இந்தப் பின்னலுக்கு பேட்ச் என்று பெயர். அது என் வேலை. வெளியே தனியாக ஓடும் இன்னொரு நிரல், 'மூன்றாவது ஒலியைப் போடு', 'பாதியாகக் குறை' என்று செய்தி அனுப்பி இந்தப் பேட்சை ஆட்டிவைக்கும். அதை எழுதுவது என் கூட்டாளி தணிகைவேல். செங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை.

இரண்டு நாள் மௌனம்

முதல் முதலாக இரண்டையும் இணைத்தபோது சத்தமே வரவில்லை. என் பேட்சைத் தனியாக ஓட்டினால் பாடியது. அவருடைய நிரலைப் பார்த்தால் செய்தி போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன், அவர் கம்ப்யூட்டரையே மாற்றினார். இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

செய்தி வந்து சேர போர்ட் என்று ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி. அவர் 9000க்கு அனுப்பினார், நான் 9001இல் காத்திருந்தேன். தப்பு என் பக்கம்தான் என்று ஒத்துக்கொண்டேன். தணிகைவேல் கோபப்படவில்லை, டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் சொல்லிட்டேதான் இருந்தேன். நீ பக்கத்து வூட்ல உக்காந்துகினு கேக்கலன்னா நான் இன்னா பண்றது?"

எட்டுப் பறவைகள்

அமிர்தி போகிற வழியில் ஒரு தனியார் பண்ணையில் பறவை ஒலி அறை அமைத்தோம். சுவரில் எட்டுப் படங்கள், எட்டு பட்டன்கள். படத்துக்குக் கீழே அமுக்கினால் அந்தப் பறவை கூவும். திறப்பு விழாவுக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா பட்டனையும் அமுக்கினார்கள். ஒன்றைத் தொடங்கச் சொல்லத் தெரிந்த எங்கள் நிரலுக்கு, ஏற்கெனவே கூவுவதை நிறுத்தச் சொல்லத் தெரியவில்லை. மயில், குயில், ஆந்தை எல்லாம் ஒன்றாய்க் கத்த, பண்ணைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது.

அறையைக் கவனித்துக்கொள்ளும் முனியம்மாதான் மெயின் சுவிட்சை அணைத்தார். நடந்ததை அவரிடம் விளக்க முயன்றேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டு, எங்களுக்கு ஒரு வாரம் யோசித்தாலும் கிடைத்திருக்காத தீர்வைச் சொன்னார். அன்று சாயந்திரமே அப்படியே மாற்றினோம், இன்றுவரை அந்த அறை அப்படித்தான் ஓடுகிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "காட்ல இப்டி கத்தாதும்மா. ஒண்ணு கத்த ஆரம்பிச்சா மத்ததெல்லாம் மெதுவா அடங்கிப்பூடும்."

டிக், டிக்

அந்தப் பள்ளிக்கூடக் கூட்டத்தில் காவலூரிலிருந்து சாந்தி டீச்சரும் வந்திருந்தார். பிறவியிலேயே கண் தெரியாதவர். இவ்வளவு களேபரத்துக்குப் பிறகும் எங்களை நம்பி ஒரு வேலை கொடுத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே நட்சத்திரம் பார்க்கும் நிலையம் இருக்கிறது. அங்கே பார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் காதால் காட்ட முடியுமா என்று கேட்டார். சில நாளுக்கு ஒருமுறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும் ஒரு நட்சத்திரத்தின் ஒளி அளவுகளை எடுத்துக்கொண்டோம். தணிகைவேலின் நிரல் அந்த எண்களை ஒவ்வொன்றாக அனுப்பும். என் பேட்ச் அதற்கேற்ப சுருதியை ஏற்றி இறக்கும்.

பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஓட்டினோம். சத்தமே இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, பின்வரிசை எழுந்து விளையாட ஆரம்பித்தது. டீச்சர் என் பக்கத்தில் வந்து, ஸ்பீக்கரில் 'டிக், டிக்' என்று ஏதோ வருகிறதே என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தேன், வந்தது. அப்படியானால் செய்தி வந்து சேர்கிறது, எண்தான் சேரவில்லை! பார்த்தால், தணிகைவேல் எண்களைக் கணக்குப் போடும் எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்பியிருந்தார். என் பேட்சுக்கு எழுத்து என்றால் பூஜ்யம். பூஜ்யச் சுருதியில் டிக்தான் வரும். ஒரு வரியை மாற்றினோம்.

ஹால் முழுக்க ஒரு நாதம் மெல்ல இறங்கி, நூலாய்த் தேய்ந்து, மறுபடி ஏறியது. விளையாடப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மூன்று முறை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் மேல பாத்துட்டு வந்து எனக்குச் சொல்வாங்க. இன்னிக்கி யாரும் சொல்லாமலே தெரிஞ்சிச்சு."

ஆடுகள் நம்பாத குரல்

டீச்சர்தான் எங்களை ஜமுனாமரத்தூர் பக்கம் கோவிந்தனிடம் அனுப்பினார். தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குக் குரல் போய்விட்டது. விசில்கூட அடிக்க முடியாது. இருபது ஆடுகளும் அவர் கூவலுக்குத்தான் சரிவிலிருந்து இறங்கி வரும். மனைவி மாதம்மா கூவினால் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. இரண்டு ஆடுகள் திரும்பவே இல்லை. மந்தையை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

திருப்பூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகனிடம் அப்பா முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. ஒன்றில், பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு ஆடுகளைக் கூவியிருந்தார்: நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அதைப் பிரித்தெடுத்து பேட்சில் போட்டு, கொட்டகை மேல் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினோம். போனில் ஒரு பட்டன். அமுக்கினால் அது அப்படியே திரும்பத் திரும்பக் கூவும். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. கொஞ்ச நேரம் கேட்டன. மறுபடி மேயப் போய்விட்டன. கோவிந்தன் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் போனைக் கையில் வாங்கி, ஒரு விரலைக் காட்டி, நிறுத்தி, தூரத்தைக் காட்டி, இன்னொரு விரலைக் காட்டினார். ஆடு இருக்கிற தூரத்தைப் பார்த்துத்தான் கூவுவேன், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது என்கிறார் என்று மாதம்மா விளக்கினார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம். நீளத்துக்கு ஒரு பட்டன், குட்டைக்கு ஒன்று, நிறுத்த ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க விரலால் தள்ளும் ஒரு கோடு. கோவிந்தன் நீளமாக ஒன்று விட்டார். காத்திருந்தார். மெதுவாக ஒரு குட்டை, பிறகு பலமாக இன்னொன்று. முதலில் ஒரு கிழட்டுப் பெட்டை இறங்கியது, அதன் பின்னால் மொத்தமும். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "ஏங்க, இதுல என் பேரு சொல்ற மாதிரி ஒரு பட்டன் வைக்க முடியுங்களா?"

நாலாவது பட்டன்

மகனிடம் இருந்த மெசேஜ்களை மறுபடி முதலிலிருந்து கேட்டோம். ஒன்றில் பேச்சுக்கு நடுவே கோவிந்தன், சோற்றுக்கோ எதற்கோ, "மாதூ" என்று கூப்பிட்டிருந்தார். ஒரு நொடிகூட இருக்காது. அதைச் சுத்தம் செய்து நாலாவது பட்டனில் வைத்தோம்.

ஒரு மாதம் கழித்து, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். ஆடுகள் சௌக்கியம். நாங்கள் கேழ்வரகுக் களி சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பட்டன் ஆறேழு தடவை அழைத்துவிட்டது. ஏழாவது தடவை மாதம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஒரு வாட்டி அமுக்குனா போதும்யா, நான் வூட்லதான் கீறேன்."

இத்தனை வருஷத்தில் கோளாறெல்லாம் எங்களுடையது, அதைத் தீர்த்த யோசனையெல்லாம் அடுத்தவர்களுடையது, ஆனால் பெயர்ப்பலகையில் 'ஒலி வல்லுநர்கள்' என்று இருப்பது என்னவோ எங்கள் இருவர் பெயருக்குக் கீழேதான்.