புதுக்காரின் சின்னக் குறைகள்

ஜுருவில் கார் கடைகள் வரிசையாக இருக்கும் வளாகத்தில் புதுக்காரை எங்களிடம் ஒப்படைத்த மத்தியானம், என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வண்டிகள். இதுதான் முதல் புதுக்கார். சாம்பல் நிற செடான். கதவைச் சாத்தினால் அடக்கமாக, கனமாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

முதல் குறையைக் கண்டுபிடித்தது நான்தான். பின்பக்கச் சாமான் பெட்டியின் மூடியைத் தூக்கினால், உள்விளிம்பில் பெயின்ட் வழிந்து மிளகு அளவுக்கு உறைந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு அவர் அடுத்ததைக் கண்டார். இடப்பக்கப் பின்கதவின் இடைவெளி மற்ற கதவுகளைவிடக் கொஞ்சம் அகலம். அப்புறம் டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிட்கிட். வேகம் கூடினால் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய விசில். எப்போதாவது டேஷ்போர்டு விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு சரியாகும்.

"எல்லாம் சின்னச் சின்னதுதான் லா," என்றார். "சீட்டப் பாரு. ஏசியப் பாரு. இந்த வெலைக்கு வேற எவன் குடுப்பான்?"

அதுவும் உண்மைதான். அவ்வளவு வசதியான காரில் நான் உட்கார்ந்ததே இல்லை.

இதே மாடல் வாங்கிய, நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அவரும் சேர்ந்துகொண்டார். சாப்பிடும்போது அதை வாசித்துக் காட்டுவார். ஒருவருக்குக் கதவு ரப்பர் பிதுங்குகிறது. இன்னொருவருக்கு ஏசியில் ஈர நாற்றம். "முதல்ல வர்ற வண்டிங்க அப்படித்தான், ஆனா காசுக்கு மோசமில்ல" என்று முடிப்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். குறை சொல்வார்கள், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் காரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். திங்கட்கிழமை முதல் கார் என் பொறுப்பு. தீவுப் பக்கம், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு. நான் படிப்பிக்கும் தமிழ்ப்பள்ளி கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில். தினமும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அவருக்குப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. எங்கள் நேரம் ஒத்துப்போகாது. அவர் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் விடியற்காலையில், வீட்டுக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது ஸ்டீரிங் திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு விடுவதற்குள் சரியாகிவிட்டது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். நான் வளைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை முதுகு ஈரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"பழைய காடி ஓட்டின பழக்கம்," என்றார். காரை நாங்கள் பேச்சில் காடி என்றுதான் சொல்வோம். "நீ கைய இறுக்கிப் பிடிச்சிருப்ப."

"நான் இறுக்கல. அதுதாங்க இறுகிச்சு."

அவர் காரை எடுத்துக்கொண்டு காய்கறிப் பசார் வரை போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை ஜுருவில் இருந்த சர்வீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கவுண்டரில் இருந்த தமிழ் இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். காரை உள்ளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலக்கா. எலெக்ட்ரிக் ஸ்டீரிங் கொஞ்சம் அப்படித்தான். ஓட்ட ஓட்டப் பழகிடும்."

பெயின்ட் துளியைச் சுரண்டி மெருகேற்றிக் கொடுத்தார். கதவு இடைவெளியைச் சரிசெய்தார். என் கணவருக்கு ரொம்பத் திருப்தி. கம்ப்யூட்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு நான் என்ன சொல்ல?

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் பாலத்தில் ஏறும்போதே வடக்கே கெடா மலை தெரியவில்லை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பாலம் நடுவில் உயர்ந்து கம்பிவடங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. வைப்பரை வேகமாக்கினேன். அதே நேரம் டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்தது. வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறதா என்று தெரியவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது. ஸ்டீரிங் கல்லாகிவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே உருவமில்லாத வெள்ளை. பின்னால் ஒரு லாரியின் விளக்கு என் காருக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் போனால் மோட்டார் சைக்கிள்கள் வரும் பாதை. மழைக்கோட்டு போட்ட பையன்கள் அங்கே வரிசையாக வருவார்கள். அதற்கு அந்தப் பக்கம் தடுப்பு. அதற்கும் அந்தப் பக்கம் கடல். செபம் சொல்ல வாயெடுத்தேன். முதல் வார்த்தைக்கு மேல் வரவில்லை. உடம்பு முழுவதையும் சாய்த்து ஸ்டீரிங்கை இடப்பக்கம் இழுத்தேன். பிரேக்கை எழுந்து நின்று மிதிப்பதுபோல மிதித்தேன். லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு என்னை உரசுவதுபோலத் தாண்டியது. அது கிளப்பிய காற்றில் கார் ஆடியது.

கார் ஓரமாகச் சாய்ந்து நின்றது. அப்போதுதான் எல்லா விளக்குகளும் மறுபடி எரிந்தன. வைப்பர் தான் விட்ட இடத்திலிருந்து அசையத் தொடங்கியது. ஒன்றுமே நடக்காததுபோல ஏசியிலிருந்து குளிர்காற்று வந்தது. அந்தக் காற்றுதான் என்னை அழவைத்தது.

மறுபடி ஓட்டித்தான் ஆக வேண்டும். பாலத்தின் நடுவில் இறங்கி எங்கே போவது? மீதிப் பாதையை ஊர்ந்து கடந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குக் காரைக் கொண்டுவரவில்லை. பள்ளி வளாகத்திலேயே விட்டுவிட்டு ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறினேன். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தில் கவலை இருந்தது. ஆனால் அந்தக் கவலை காரைப் பற்றியா என்னைப் பற்றியா என்று எனக்குச் சந்தேகம்.

"தண்ணி உள்ள போயிருக்கும்," என்றார்.

"மழையில ஓட்டத்தானே காடி?"

"சரி. நீ கொஞ்ச நாளைக்கு ஃபெரியில போ. நான் ஓட்டிப் பாக்குறேன். எனக்கு ஏதாச்சும் ஆனா ஒத்துக்கிறேன்."

இதை அவர் சவாலாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே நின்றது: எனக்கு ஏதாச்சும் ஆனா. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்குப் போய் அவரே காரை எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பாலத்தில் தனியாக நின்ற நேரத்தைவிட மோசம். காலையில் ஃபெரியின் மேல்தட்டில் நிற்பேன். தெற்கே தூரத்தில் பாலம் கோடு மாதிரி தெரியும். அதன் மேல் கார்கள் நகர்வது இங்கிருந்து தெரியாது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். 'வந்தாச்சு' என்று அனுப்புவார். சில நாள் மறந்துவிடுவார். அப்போதெல்லாம் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனையே பிடித்துக்கொண்டிருப்பேன். கூப்பிட்டால் ஓட்டும்போது எடுத்துவிடுவாரோ என்று கூப்பிடவும் பயம்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது. நான் கற்பனை செய்துகொண்டேனோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. ஒரு மனுஷிக்குத் தன் கையையே நம்ப முடியாமல் போவதைவிடப் பயங்கரம் வேறெதுவும் இல்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வர வேண்டிய நேரத்துக்கு அவர் வரவில்லை. மாடித் தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். கார் கீழே நின்றிருந்தது. அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கையசைத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்கி ஓடினேன்.

கதவைத் திறந்தால் இரண்டு கையும் ஸ்டீரிங்கின் மேல். நெற்றி வேர்த்திருந்தது.

"என்னங்க?"

"உனக்கு வைப்பர் பாதியில நின்னுச்சுன்னு சொன்னியே," என்றார். "வெளக்கெல்லாம் ஒண்ணாப் போச்சா? இல்ல ஒண்ணொண்ணாவா?"

"ஒண்ணா."

"ஆமா. ஒண்ணாத்தான்."

அவருக்கு டோல் சாவடியை நெருங்கும்போது நடந்திருக்கிறது. வேகம் குறைவு, மழையில்லை. அதனால் பிழைத்தார். மேலே வந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாலத்தில் எனக்கு நடந்ததை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. லாரி தாண்டிய இடம் வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே குழுவில் நடந்ததை எழுதினார். உடனே வந்த பதில்கள் நாங்கள் நினைத்ததற்கு மாறாக இருந்தன. நல்ல காரின் பெயரைக் கெடுக்காதே என்றார் ஒருவர். விற்கும்போது விலை குறையும் என்று கவலைப்பட்டார் இன்னொருவர். கடைசியில் எங்கள் தீவிலேயே புலாவ் தீக்குஸில் இருக்கும் ஒரு சீனப் பெண்மணி தனியாகப் போனில் கூப்பிட்டார். அவருக்கும் அதே மாதிரி ஆகியிருந்தது. வீட்டில் யாரும் நம்பவில்லையாம். காரை மூடித் துணி போர்த்திவிட்டதாகச் சொன்னார்.

"தாக்கூட் லா, சிஸ்," என்றார் என்னிடம் மலாயில். பயமாயிருக்கிறது என்று.

"எனக்கும்தான்," என்றேன். அதைச் சொன்னதும் ஏனோ நெஞ்சு கொஞ்சம் லேசானது.

இரண்டு கார்களையும் இழுவை லாரியில் ஏற்றிச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கவுண்டர் இளைஞர் மறுபடி கம்ப்யூட்டர் என்று தொடங்கினார்.

"தம்பி, கம்ப்யூட்டர் பாலத்துல காடி ஓட்டாது," என்றார் என் கணவர். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டம்மா ஓட்டுது. ரெண்டு காடியையும் பிரிச்சுப் பாருங்க. பாக்குற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அந்தப் பெண்மணி பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்து எங்களுக்கும் கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் மேலாளர் எங்களை உள்ளே அழைத்தார். பானட் திறந்திருந்தது. பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் தடித்த கம்பியைக் காட்டினார். தொழிற்சாலையில் அதைப் பெயின்ட்டைச் சுரண்டாமல், பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். கார் அதிர அதிர மின்தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. இரண்டு கார்களிலும் அப்படியே. டேஷ்போர்டு விளக்கு மங்கியதும் அதனால்தான்.

சுரண்டி, புதுக் கம்பி போட்டு, முடுக்கிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வேலை. அந்த இளைஞர் என் பக்கம் வந்து, "மன்னிச்சிருங்கக்கா," என்றார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தவள், சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

காரை நாங்கள் விற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு முறைகூட அது எங்களைக் கைவிட்டதில்லை. ஆனால் பாலத்தின் உயரத்துக்கு வரும்போது இன்னும் என் தோள்கள் தாமாக இறுகும். பின்னால் லாரி வந்தால் பாதை மாறிவிடுவேன். சீட் மெத்தென்றுதான் இருக்கிறது. சாய்ந்து உட்காரத்தான் முடியவில்லை.

போன மாதம் சுங்கைப்பட்டாணியிலிருந்து என் தம்பி போன் செய்தான். அவனுக்கும் இதே மாடல் மேல் கண். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தான், காடி எப்படி? உண்மையச் சொல்லுங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நல்ல கார் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"உங்கக்காகிட்டக் கேளு," என்றார். "அவ சொல்றதுதான் உண்மை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டின் சொகுசையும் சொன்னேன், லாரியின் வெளிச்சத்தையும் சொன்னேன்.

"அப்ப வாங்கலாமா, வேணாமாக்கா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எந்தக் காரைப் பார்த்து அவனைப் போகச் சொல்வது? மூடிக்குள்ளே யார் எதைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"உன் பொண்டாட்டி ஏதாவது சொன்னா, அதக் காதுல வாங்கு," என்றேன். "அப்புறம் எது வேணா வாங்கிக்க."

அவன் சிரித்தான். அவன் வெள்ளை நிறத்தில் அதையேதான் வாங்கினான். காரைக் காட்ட எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்தில் ஏறிவிட்டோம் என்று அவன் மனைவி செய்தி அனுப்பினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, மாடித் தாழ்வாரத்தில் போய் நின்றேன். என் கணவரும் வந்து பக்கத்தில் நின்றார்.