சுடுகாட்டுக்கு வழி

கட்டடக்கலை நான்காம் ஆண்டில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனித் தெருவுக்கு எங்களை அனுப்பினார்கள். அங்குள்ளவர்களோடு பேசி, அவர்களுக்கு வேண்டியதை வடிவமைக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. நானும் என் தோழியும் ஒரு குழு. இரண்டு நாளில் தெருவை அளந்து முடித்தோம். மூன்றாம் நாளே என் மனதில் ஒரு படிப்பகம் எழும்பிவிட்டது. ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் காற்று. விடுதியில் உட்கார்ந்து அட்டையில் மாதிரி செய்தேன்.

அதைத் தெருவில் வைத்துக் காட்டியபோது நல்ல கூட்டம். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா மட்டும் மாதிரியைக் கவனிக்கவில்லை. சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த ஊர்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல சுடுகாட்டுக்குப் போற வழி எங்கங்க?"

"நாங்க அதைப் போடலைக்கா."

"நீங்க எப்படிம்மா போடுவீங்க? வழியே கிடையாதே."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி. பேருந்தில் திரும்பும்போது படிப்பகத்துக்குப் படி எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் யோசித்தேன்.

அடுத்த வாரம் போனபோது தெருவில் சாவு. இறந்தவர் அந்த அக்காவின் மாமனார். முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. சம்பாப் பயிர் முழங்கால் உயரம். தெருமுனையில் பெண்களோடு நானும் நின்றேன். ஒற்றை ஆள் நடக்கும் வரப்பில் நாலு பேர் பாடையைத் தூக்கிப் போக முடியவில்லை. இரண்டு பேர் வயலுக்குள் இறங்கினார்கள். தூரத்தில் யாரோ, "பயிரை மிதிக்காதீங்கப்பா" என்று கத்தினார். கொஞ்ச தூரத்தில் அக்காவின் கணவர் சேற்றில் கால் வழுக்கி மண்டியிட்டார். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை நின்றுவிடும். அட்டை மாதிரியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. திட்டத்தை மாற்றுகிறோம் என்று பேராசிரியரிடம் சொன்னேன். "பாதை போடுறது நம்ம வேலை இல்லம்மா. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு" என்றார். தோழிக்கும் கோபம். "முடிச்ச வேலைய ஏண்டி கெடுக்கிற?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், முன்பு வழி ஏதும் இருந்ததா என்று பார்க்க நான் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனபோது அவளே வந்து சேர்ந்தாள்.

அங்கே பழைய நில அளவைப் புலப்படத்தில் வழி இருந்தது. வண்டிப்பாதை, புறம்போக்கு. தெருமுனையிலிருந்து சுடுகாடு வரை இரண்டு கோடுகள். காலப்போக்கில் நடு வாய்க்காலுக்கு இந்தப் பக்க வயலும் அந்தப் பக்க வயலும் அதை உழுது சேர்த்துக்கொண்டிருந்தன. புல எண்களோடு அதைப் பெரிய தாளில் வரைந்தோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அக்காவும் தெருக்காரர்களும் அதை எடுத்துப் போனார்கள். கூடப் போன நான் பேச வாயெடுத்தேன். "இருங்கம்மா, நான் சொல்றேன்" என்று அக்காவே படத்தை விரித்துப் பிடித்தார். பேசி முடிக்கும்வரை அவர் விரல் கோட்டை விட்டு விலகவில்லை.

எங்கள் மதிப்பெண் மோசம். கட்டடமே இல்லை என்றார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் சர்வேயர் வந்து கல் ஊன்றினார். தெருப் பக்கத்து வயல்காரர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். இன்னொருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். பாதை நடு வாய்க்கால் வரை வந்து நின்றது.

இப்போது சென்னையில் அடுக்குமாடிகளுக்கு வாகன நிறுத்தம் வரைகிறேன். போன வாரம் அக்கா போன் செய்தார்.

"பாதி தூரம் அலுங்காமத் தூக்கிட்டுப் போறோம்மா. மீதிக்குத்தான் இந்தக் கோர்ட்டு அலைச்சல். அடுத்த வாய்தாவுக்கு நீங்களும் வந்து நின்னா தேவலை."

விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.