தலைச்சன் பிறந்த ஊர்

தொண்ணூறுகளின் நடுவில், மில்லில் வேலை பார்த்த என் கணவருக்கு ஒரு சிக்கல் வந்தது. வேலைக்குச் சேரும்போது யாரோ குத்துமதிப்பாக எழுதிய வயதை வைத்து, இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வு என்றார்கள். பிறப்புப் பதிவைக் காட்டினால் திருத்துவார்களாம். விவரம் கேட்க மாமனாரும் மாமியாரும் உயிருடன் இல்லை.

எங்கள் பூர்வீகம் கணபதி. அந்த ஊர்ப் பதிவேடுகளைத் தேடச் சொல்லி மூன்று முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். கிடைக்கவில்லை. சலித்துப்போய், பதிவே இல்லை என்று சான்று தரும்படி நானே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சான்று மில்லுக்குப் போயிருந்தால் வயதைத் திருத்தும் பேச்சே அத்தோடு முடிந்திருக்கும்.

மனுவைப் படித்த அலுவலகப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு தலைச்சனுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவங்கம்மா ஊர்லதானுங்க பொறந்திருப்பாரு. இங்க தேடுனா எப்படிங்க கெடைக்கும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு நானும் அம்மா வீட்டுக்குப் போனவள்தானே. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மாமியார் பிறந்தது கருமத்தம்பட்டி. அந்த ஊர்ப் பதிவேட்டில் ஒரே வாரத்தில் கிடைத்தது. பெயர் வைக்குமுன் எழுதியதால் 'ஆண்' என்று மட்டும் இருந்தது. தாய் தகப்பன் பெயர்கள் சரியாக இருந்தன. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் மாமியாருடைய அப்பாவின் கைரேகை. என் கணவர் நகல் கேட்கவும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வருடமும் வேலை பார்த்துவிட்டுத்தான் அவர் ஓய்வு பெற்றார். பழைய பதிவு தேடுவதாக யார் என்னிடம் வந்தாலும், இப்போது அவர்களுடைய அம்மாவின் ஊரைத்தான் முதலில் கேட்கிறேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரின் ஊரையோ பேரையோ அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.