ட்வெய்ட்டாவில் ஒரு வீட்டைக் குறை சொன்ன கதை

வாடகைக்கு வீடு பார்க்கும்போது நாலு குறை சொல்லி, பக்கத்து ஊரை உயர்த்திப் பேசினால் வீட்டுக்காரர் இறங்கி வருவார் என்பதை நான் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறேன். மயிலாப்பூரில் அது ஒரே ஒரு முறை பலித்திருக்கிறது.

ஓஸ்லோவின் கிழக்கு ஓரம், ட்வெய்ட்டா. இங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வீட்டைக் காட்டுகிறார்கள். ஏழெட்டுப் பேர் காலுறையோடு, பூஜை அறைக்குள் நிற்பதுபோல் சத்தமில்லாமல் நிற்கிறோம். அடுத்த வாரம் மனைவியும் மகளும் சென்னையிலிருந்து வந்து இறங்குகிறார்கள்; அதற்குள் எனக்கு வீடு கிடைத்தாக வேண்டும். கூட வந்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் சிவம் கண்ணைக் காட்டுகிறார். நான் கண்டுகொள்ளாமல் வீட்டுக்கார அம்மாளிடம் ஆங்கிலத்தில் தொடங்குகிறேன். சமையலறை சின்னது. நவம்பரில் நார்வேயில் வெயில் வராததற்கும் அவரையே பொறுப்பாக்குகிறேன். இதே வாடகைக்குப் பக்கத்து நகரமான திராமனில் ஆற்றைப் பார்த்த வீடே கிடைக்குமாமே என்று முடிக்கிறேன்.

அவர் அக்கறையாகக் கேட்டுக்கொள்கிறார். “உண்மைதான். திராமன் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று மனதார வாழ்த்திவிட்டு, வாயே திறக்காத போலந்துத் தம்பதியிடம் கைகுலுக்கி வீட்டைக் கொடுத்துவிடுகிறார்.

“சும்மா பேரத்துக்குத்தான் சொன்னேன்” என்கிறேன், படியில் இறங்கும்போது.

“அது எனக்கு விளங்கினது அண்ணை. அவ பாவம், நம்பீட்டா” என்கிறார் சிவம்.

அவர் காரிலேயே திராமன் போகிறோம். அங்கே வாடகைக்கு விடும், ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டின் மணியை அழுத்துமுன் என் பக்கம் திரும்புகிறார்.

“இஞ்சையாவது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ அண்ணை. இதையும் குறை சொன்னா, பிறகு ஸ்வீடனிலதான் வீடு பாக்கவேணும்.”