கொய்யா வழக்கு

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் டவாலி ஒரு பெயரை மூன்று முறை கூவினார். செய்தி எடுக்க வந்த என் பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

அப்பாவும் இங்கே டவாலியாக இருந்தவர். என் சின்ன வயதில், வடக்கனந்தல் வீட்டில் சாப்பிடக்கூட மூன்று முறைதான் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி முதல் கூவலிலேயே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் எங்கள் மரத்துக் கொய்யாப்பழம் அவர்கள் வாசலில் விழுந்தது. வழக்கு அப்பாவிடம் போனது.

"மரம் எங்களுது, பழமும் எங்களுது" என்றேன்.

"எலகூடத்தான் எங்க வாசல்ல வுழுவுது. அத மட்டும் ஏன் நான் பெருக்கணும்?" என்றாள்.

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னா கேள்வி கேக்குது பாரு! நீ ஜட்ஜு சேர்ல குந்த வேண்டியவ கண்ணு." பழம் அவளுக்குப் போனது. எனக்கு வாசனை மட்டும் மிஞ்சியது.

வக்கீலாகி, தேர்வெழுதி, பல ஊர்களில் வேலை பார்த்து, இப்போது அவள்தான் இங்கே சிவில் நீதிபதி. காலையில் அவள் நுழைந்தபோது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றவர் அப்பா.

கூண்டில் ஏறிய சாட்சியிடம் அவள் ஏதோ கேட்டாள். "இன்னா கேள்வி பாரு" என்று அப்பா என் காதில் சொன்னார்.

கேள்வி கேட்பதுதான் என் வேலையும். என் பேட்டிகளை அப்பா ஒன்று விடாமல் படிக்கிறார். படித்து முடித்ததும், "எழுத்து கொஞ்சம் பெருசா போடச் சொல்லு" என்பார்.