கறுப்பங்கிக்காரர் கேட்ட அதிகாரம்

பதினொரு பிள்ளைகள் நின்ற வரிசையில் மூன்றாம் இடம், அதுவும் ஒற்றைக் கண்ணோடு. பிற்பாடு, மீனவர் வாசகசாலையின் சாவி. அதற்கு முன் அதை எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. தட்டம்மையில் ஒரு கண் போனபோது 'இதுக்குப் படிப்பு வராது' என்ற வாத்தியாரே, முதுமையில் பத்திரிகை வாசித்துக்காட்ட அவளைத்தான் கூப்பிட்டனுப்பினார். தங்கை செவரினா வென்றவற்றை அக்கா ஓலாவா ஒன்று விடாமல் சொல்வாள். ஆனால் 1884 வசந்தத்தில் அந்த ஓலாவாவுக்கே தங்கை தேறுவாளா என்று சந்தேகமாக இருந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பிள்ளைகளைக் கோயில் நடுவில் நிறுத்தி, ஊர் கேட்கப் போதகர் வேதத்தில் கேள்வி கேட்பார். நன்றாகச் சொல்பவர்கள் பீடத்தின் பக்கம், தடுமாறுபவர்கள் வாசல் பக்கம். ஒன்றுமே சொல்லாவிட்டால், சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் கிடையாது. திடப்படுத்தல் பெறாத பெண்ணை எந்த வீட்டிலும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். செவரினா போன வருடம் ஏற்கெனவே ஒருமுறை தேறாமல் திரும்பி வந்தவள்.

அப்பா எலியாஸ் ஜனவரியிலிருந்து வடகடலில் லோஃபோத்தன் தீவுகளில் மீன்பிடிப்பில் இருந்தார். வாரம் ஒரு கடிதம் வரும். செவரினாவுக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது என்பதால், அச்சைப் போலத் தனித்தனி எழுத்தாக எழுதுவார். இந்த வாரம் இந்த அதிகாரம் என்பார். முடிவில் ஒரு கேள்வி இருக்கும். 'இயேசு படகின் பின்னணியத்தில் தூங்கினார் என்றால் சுக்கான் யார் கையில் இருந்தது? ஒப்பிக்காதே, படகில் ஏறிப் பார். கறுப்பங்கிக்காரர் இப்படித்தான் மடக்குவார்.' செவரினாவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல ஓலாவா பதில் எழுதுவாள்.

மார்ச் நடுவில் கடிதம் நின்றது. அங்கே புயல் என்று செய்தி வந்தது. செவரினா புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அப்பா சொல்லாம அடுத்த அதிகாரத்துக்குப் போக மாட்டேன்க்கா."

"அடியே, இன்னும் ரெண்டே வாரந்தான். இந்த வருஷமும் வாசல்ல நின்னு காத்து வாங்கப் போறியா?"

"வாங்கிட்டுப் போறேன்."

ஓலாவா அப்பாவைப் போலவே எழுத்தெழுத்தாக ஒரு கடிதம் தயாரித்தாள். 'அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தேழு. போதகர் இதில் கேட்பார்.' செவரினா அதை நல்ல கண்ணருகே பிடித்தாள்.

"இது நீ எழுதினது."

"என்னடி உளர்றே?"

"மீன்பிடிக்கிற எடத்துல இருந்து 'போதகர்'னு அப்பா எழுதுவாரா? 'கறுப்பங்கிக்காரர்'னுதான் எழுதுவாரு. கடல்ல 'போதகர்'னு சொன்னாலே தூண்டில் காலியா வரும்னு நம்ம பூனைக்குக்கூடத் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "அப்பா செத்துட்டாரா? எங்கிட்ட மறைக்கிறியா?"

"தெரியலடி. சத்தியமாத் தெரியல."

செவரினா அந்தக் கடிதத்தை மடித்து அக்காவிடமே கொடுத்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். "அப்ப நானே படகுல ஏறிப் பாத்துக்கறேன்."

ஈஸ்டருக்கு அடுத்த அந்த ஞாயிறு கோயிலில் ஓலாவா கையுறையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். போதகர் இருபத்தேழாம் அதிகாரத்தையே எடுத்தார். "புயல்ல பவுல் ஏன் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார்?"

"பசிச்சுதுங்க" என்றான் முதல் பையன். பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்து செவரினா.

"பதினாலு நாள் பட்டினிங்க ஐயா. கரை கிட்ட வந்திருச்சு, கப்பல் தாங்காது, நீந்தணும். வெறும் வயித்துக்காரன் குளிர்ந்த தண்ணியில ரெண்டு கை போடமாட்டான்."

சிரிப்பு நின்றது. மற்ற கேள்விகளும் முடிந்ததும், போன வருடம் தவறியதால் வாசலோரம் நின்றவளைப் போதகர் தோளைப் பிடித்து நடத்திப்போய் பீடத்திலிருந்து மூன்றாவதாக நிறுத்தினார். ஓலாவாவுக்கு அழுகை வந்தது. அந்த மூன்றாம் இடத்தைக் கேள்விப்பட அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை தபால் படகில் அப்பாவின் கடிதம் வந்தது. எழுத்துகள் எட்டுத்திக்கும் சாய்ந்திருந்தன. தூண்டில் முள் குத்தி வலது கை வீங்கிவிட்டதாம். இது இடது கையால் எழுதியது. 'வேறொருவன் கையெழுத்தில் உறை வந்தால் நான் போய்விட்டேன் என்று பயப்படுவீர்கள். அதனால் யாரையும் எழுதச் சொல்லவில்லை. சொல், எந்த இடத்தில் நின்றாய்?'

ஓலாவா பேனாவை எடுத்தாள்.

"வை அதக் கீழ. இனிமே எனக்காக நீ எழுத வேணாம்."

செவரினா வேதப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, பார்த்துப் பார்த்து வரைந்தாள். 'மூன்றாவது' என்ற ஒரு சொல்லுக்கும் கீழே அவள் பெயருக்கும் இரண்டு நாள் பிடித்தது. செவரினா முதன்முதலாகக் கையொப்பமிட்ட நாள்: 1884 ஏப்ரல் 24, வியாழக்கிழமை.