மஞ்சள் துணி கட்டிய இடம்

மின்பாதைக்கு டவர் நடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் சூப்பர்வைசராக இருக்கிறேன். குழி எடுப்பது, கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது எல்லாம் என் மேற்பார்வை. திட்டுவதும் என் வேலைதான். அதில் எனக்கு நல்ல பேர் உண்டு. இந்தக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான காரியமும் இல்லை.

கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கண்மாய். கரைக்கு வெளியே, வருடத்தில் பாதி நாள் நீர் கசிந்துகொண்டிருக்கும் சதுப்பு. எங்கள் டவர்களில் ஒன்றுக்குக் குறித்த இடம் சரியாக அங்கேதான் வந்தது. அந்தக் கசிவில் அழுகண்ணி என்றொரு அரிய செடி இருக்கிறது என்று, தேனியில் தாவரவியல் சொல்லித்தரும் ஓர் அம்மா மனு மேல் மனு கொடுத்து, குழியை இருபது அடி தள்ளிப் போட வைத்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஜேசிபிக்கும் சொல்லிவைத்த பிறகு ஒரு புல்லுக்காக டவர் நகருமா?

செடியைக் காட்டக் கூப்பிட்டார். குனிந்தும் தெரியவில்லை. முட்டி போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. பெரிய பொத்தான் அளவில், தரையோடு தரையாக, சிவப்பாக. இலை முழுக்க முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைச் சொட்டு. ஒன்றில் ஒரு பொடிக்கொசு ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. பூச்சி தின்னும் செடி. என்னை அறியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"இன்னும் விதை கட்டலை. விதை விழுந்துட்டா அடுத்த வருஷம் தானா முளைச்சுக்கும். எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் வேற எங்கயும் இது இல்லை. ஒரு மாசம் மட்டும் காப்பாத்திக் குடுங்க" என்றார். "நாலு மூலையிலயும் கம்பு நட்டு, சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டுங்க. வேலை செய்யிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிருங்க."

"சொல்லிர்றேம்மா" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

ரிப்பன் வாங்கத் தேனிக்குப் போனேன். பூமி பூஜைக்கான சாமானெல்லாம் வாங்கினேன், ரிப்பனை மறந்தேன். அதற்காக மறுபடி பஸ் ஏற என் கௌரவம் இடம் தரவில்லை. பூஜைப் பையில் மஞ்சள் துணி இருந்தது. செடியைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, அதைக் கிழித்துக் கட்டினேன். மஞ்சள் துணி கட்டிய இடத்தை எங்கள் ஆட்கள் செருப்புக் காலால் மிதிக்க மாட்டார்கள். ரிப்பனைவிட இது நல்ல காவல் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆட்களிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பூஜை. குழியின் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், புல்லைச் செதுக்கி, சாணம் மெழுகி, கோலம் போட்டு, அங்கேதான் பூஜை வைப்போம். குழியை நகர்த்திய பிறகு அந்த நான்கு கம்புகளும் சரியாக ஈசானி மூலையை ஒட்டி நின்றன. அது எனக்கு உறைக்கவே இல்லை. என்ஜினியரிடமிருந்து போன் மேல் போன். அப்போது எங்களிடம் பல வருடமாகச் சித்தாள் வேலைக்கு வரும் மயிலாடும்பாறைப் பெண் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"சார், ஈசானி மூலையில மஞ்சத்துணி கட்டிருக்கே, பூசைக்கு அங்கனயே செதுக்கிரவா?"

என்ஜினியர் உத்தமபாளையம் தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "சுத்தமாச் செதுக்கு. வெரசா" என்று கையை வீசினேன்.

சுத்தமாகச் செதுக்கினாள். எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது சாணம் மெழுகி முடித்து, நடுவில் தாமரைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். செடி இருந்த இடம் அதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ஜினியர் வந்தார், சூடம் ஏற்றினோம், நானும் அதே இடத்தில் விழுந்து கும்பிட்டேன்.

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். கோலத்தையே பார்த்தபடி நின்றார். கத்தவில்லை. ஓரத்தில் குவித்திருந்த செதுக்கல் மண்ணை விரலால் கிளறினார். பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தைக் கரையோரம் கொட்டிவிட்டு, அந்தச் சேற்றை அதில் அள்ளிக்கொண்டார்.

"இவங்ககிட்ட நீங்க சொல்லலையா?" என்று சித்தாளைக் காட்டி என்னைக் கேட்டார்.

"சொன்னேம்மா. இவதேன் கேக்கல."

திக்காமல் திணறாமல் வந்தது அந்தப் பொய். அடுத்தவர் மேல் பழி போட்டுப் பழகிய வாய்.

சித்தாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். கையிலிருந்த கோலமாவைச் சேலையில் துடைத்தாள்.

"ஆமாம்மா. சார் சொன்னாக. எனக்குத்தேன் புத்தியில்ல, செதுக்கிப்புட்டேன்."

அவள் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அந்த அம்மா அவள் தோளைத் தொட்டு, "பரவாயில்லம்மா, தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் வண்டி ஏறும்வரைகூட உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. நான் ஜேசிபிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வருடம் அதே மாதம் தனியாகப் போய் முட்டி போட்டுத் தேடினேன். கோரைதான் இருந்தது. டிபன் பாக்ஸ் மண்ணில் ஏதாவது முளைத்ததா என்று அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

சித்தாள் இப்போதும் எங்களிடம்தான் வேலைக்கு வருகிறாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எந்த இடத்தில் வேலை தொடங்கினாலும், வெறும் முள்ளும் கல்லும் கிடக்கிற கரட்டில்கூட, மண்வெட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, நான் போனை வைக்கும்வரை காத்து நிற்கிறாள். பிறகு எல்லார் முன்னாலும் மரியாதையாகக் கேட்கிறாள்.

"இங்கன செதுக்கலாமா சார்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."